மஞ்சள் ரிப்பன்

அந்த நாலு தொட்டிகளும் தனிக்கொட்டகையில் இருந்தது இருபத்தெட்டு நாள். இருந்திருக்க வேண்டியது நாற்பத்திரண்டு.

வெளி நர்சரியிலிருந்து வரும் எந்தச் செடியையும் எங்கள் தாவரவியல் பூங்காவில் நேராக வண்ணத்துப்பூச்சிக் கூடத்துக்குள் கொண்டுபோவதில்லை. நர்சரிக்காரர்கள் வேருக்கு ஊற்றும் மருந்து தண்டில் ஏறி, இலைக்குப் போய், கடைசியில் பூவின் தேனிலும் வந்துவிடும். பார்த்தால் தெரியாது. முகர்ந்தாலும் தெரியாது. அதனால் பழைய மண்ணை உதறி, புது மண் போட்டு, நாற்பத்திரண்டு நாள் தனியாக வைத்திருக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் படித்தது விலங்கியல்.

எனக்குத் தெரியாதது ரிப்பன்.

செடிகள் லாரியில் வந்து இறங்கும் அன்றே தோட்டக்கார அண்ணன் ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் ஒரு துணி ரிப்பன் கட்டிவிடுவார். அவர் மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவர். வெட்டி மிஞ்சிய துணியைக் கிழித்துக் கொடுப்பார். அந்தத் தடவை முதல் லாரிக்கு நீலம், இரண்டு வாரம் கழித்து வந்த லாரிக்கு மஞ்சள். நாள் முடிந்து செடியைக் கூடத்துக்குள் வைக்கும்போது ரிப்பனை அவிழ்த்துக் கொட்டகையில் ஓர் ஆணியில் மாட்டுவார். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத, அவருடைய சொந்த ஏற்பாடு. எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில் ரிப்பனைப் பார்க்காத நாள் இல்லை. ஏன் இரண்டு நிறம் என்று கேட்டதில்லை. வரிசைக்கு ஒரு நிறம் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார். ஆனால் எதையாவது கேட்பதற்கு முன் எனக்கு அதை மனதுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்குள் எதிரில் இருந்தவர் போய்விடுவார்.

அவர் எனக்கு வைத்த பெயர் மௌனசாமி. "மௌனசாமி இன்னிக்கு மூணு வார்த்தை பேசிடுச்சு, துணி காயப்போட்டவங்க எடுத்துடுங்க" என்பார். நான் சிரிப்பேன். சிரிப்பதற்கு ஒத்திகை தேவையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நீல வரிசையிலிருந்து பன்னிரண்டு உண்ணிச்செடித் தொட்டிகளைக் கூடத்துக்குள் வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். மறுநாள் அவருக்கு விடுப்பு. அன்று காலை பெரிய இடத்து ஆட்கள் சிலர் பார்வையிட வருவதாக மேடம் சொல்லியிருந்தார். மேடம் என்றால் கூடத்தின் பொறுப்பாளர். ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டில் நாலு செடியில் பூவே இல்லை. கொட்டகையில் பின்வரிசையில் நாலு செடி கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. எல்லாம் ஒன்றாக வந்தவைதானே, நாள் முடிந்திருக்கும் என்று எடுத்து மாற்றி வைத்தேன். அவற்றிலிருந்து அவிழ்த்த ரிப்பனை, திருப்பிக் கொண்டுவந்த பூவில்லாத நாலிலும் கட்டினேன். அண்ணன் வந்து பார்க்கும்போது வரிசை ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான். முடிச்சுகூட அவர் போடுகிற மாதிரியே போட்டேன்.

மஞ்சள் ரிப்பன்.

விருந்தாளிகள் வந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பூவெல்லாம் நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று மேடத்தைப் பாராட்டினார்கள். திங்கட்கிழமை மதியம் முதல் பூச்சி நடைபாதையில் கிடந்தது. சிறகு நடுங்கியது. சுருண்டிருக்க வேண்டிய உறிஞ்சுகுழல் நீண்டு தரையைத் தொட்டபடி இருந்தது. நாலு நாளில் இருநூற்றுப் பதின்மூன்று. மெல்லிய தூரிகையால் தட்டில் தள்ளி எண்ணியது நான்தான்.

இலைகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கூடத்துக்குள் இருந்த நாலு தொட்டியில் மருந்து இருந்தது. கொட்டகையில் மஞ்சள் ரிப்பனோடு இருந்த நாலு தொட்டி சுத்தமாக இருந்தது. அப்படியானால் இரண்டாவது லாரி இறங்கிய அன்று இரண்டு லாரிச் செடிகளும் கலந்து, ரிப்பனை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று ஆனது. ரிப்பன் கட்டும் ஆள் ஒருவர்தான்.

இயக்குநரின் அறையில் அண்ணன் நின்றபடி தன் ஏற்பாட்டை விளக்கினார். நீலம் என்றால் எந்த லாரி, மஞ்சள் என்றால் எந்த லாரி. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "தொட்டிய உள்ள எடுத்து வெச்சது யாரும்மா?"

"அண்ணன்தான், சார்."

"ரிப்பன் கட்டுறது?"

"அண்ணன்தான், சார்."

இரண்டுமே உண்மை. சனிக்கிழமை காலையில் நீ என்ன செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண் என்று எல்லோரும் என்னைப் பாராட்டுவார்கள். அன்றும் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

அண்ணன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "சாயந்திர வெளிச்சம், சார். மாத்திக் கட்டியிருப்பேன் போல" என்றார். அந்த வார இறுதியில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்து தொண்ணூற்று நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, நுழைவுச்சீட்டு கொடுக்கும் அக்கா உள்பேசியில் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் குடும்பத்தோட வந்திருக்காரு. டிக்கெட் வேணாம், சும்மா போங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு. வரிசையில நின்னு வாங்குறாரு. நீ வந்து சொல்லு."

நான் போவதற்குள் அவர் மூன்று சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். முன்பு அது இல்லை.

"மௌனசாமி, எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்ணா."

"ரெண்டு வார்த்தை" என்று மனைவியிடம் சொன்னார். "நான் சொல்லல? இதுதான் அது."

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் நாத்தனாரும் இருக்காளே, வாய் மூடினா பல்லு சுளுக்கிக்கும்னு நினைப்பு. உன்னை மாதிரி ஒரு நாத்தனார் கிடைச்சிருந்தா நான் இன்னும் பத்து வருஷம் இருப்பேன்."

அவர்கள் பெண்ணுக்கு எட்டு வயது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. சீட்டைக் கிழித்துப் பாதியைக் கொடுத்தபோது அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். "ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்னு ரெண்டு வருஷமா சொன்னாரு. வேலை போனப்புறந்தான் நேரம் வந்துச்சு" என்றாள். அம்மா சொல்லிக் கேட்டது அப்படியே வந்தது.

இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போனோம். ஈரச் சூடு முகத்தில் அறைந்தது. அண்ணனின் கண்ணாடி உடனே பனித்துப்போனது. கழற்றித் துடைத்துப் போட்டார். மறுபடி பனித்தது. கழற்றவில்லை. அப்படியே நடந்தார்.

புது கூட்டுப்புழுக்கள் வந்து கூடம் பழையபடி நிரம்பியிருந்தது. சிறுமி தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே நடந்தாள். கொடியில் ஊஞ்சல்போல் தொங்கிய பழத்தட்டைச் சுற்றிப் பழுப்புச் சிறகுப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவள் அங்கே நின்றாள்.

"அப்பா, நீ கொன்னதெல்லாம் இந்த மாதிரியா, இல்ல வேற மாதிரியா?"

அண்ணி அவள் தோளில் ஒன்று வைத்தார். அண்ணன் தடுத்தார். "கேக்கட்டும் விடு." குனிந்து அவளிடம் சொன்னார். "இந்த மாதிரியும் இருந்துச்சு. நீல கலர்ல பெருசா ஒண்ணு இருக்கும், அதுவும் இருந்துச்சு."

"எத்தனை?"

"இருநூத்திப் பதிமூணு."

எண்ணிக்கையை மேடம் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தத் தட்டை மூடி வைத்திருந்தேன்.

உண்ணிச்செடித் தொட்டிகள் இருக்கும் திருப்பத்தில் அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பார்வையாளர்கள் செடியைத் தொடக்கூடாது என்று அங்கே பலகை இருக்கிறது. அதை நட்டவர் அவர்தான். ஒரு தொட்டியின் தட்டை எட்டிப் பார்த்தார்.

"அடியில தண்ணி நிக்குது. வேர் அழுகிடும். புதுசா வந்த ஆளுகிட்ட சொல்லிடு." இரண்டடி நடந்தார். நின்றார். "வேணாம், சொல்லாத. எனக்கென்ன தெரியும்."

"பார்த்தியா?" என்றார் அண்ணி என்னிடம். "இதேதான். வீட்டுல ஒரு துளசித் தொட்டிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாக்கூட என்னைக் கூப்பிடுறாரு."

"இப்ப எங்கண்ணா வேலை?" இதை நான் வாசலிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"ஆஸ்பத்திரில. டாக்டரா இல்ல, பயப்படாத. கார் நிறுத்துற இடத்துல. பின்னால வா, பின்னால வா, நிறுத்து. அவ்வளவுதான் வசனம்." கையை அசைத்துக் காட்டினார். "செவப்புக் கார், வெள்ளைக் கார்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"எங்கண்ணன் வாங்கிக் கொடுத்த வேலை" என்றார் அண்ணி. "வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லிக் காட்டுறான். 'என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு எத்தனை வண்டிக்கு ரிப்பன் கட்டினீங்க'ன்னு. இவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாரு. கோபமாவது வரணும்ல மனுஷனுக்கு."

அண்ணன் பனித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

மகளைக் கூட்டிக்கொண்டு அவர் கண்ணாடிப் பெட்டியருகே போனார். கூட்டுப்புழுக்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் பெட்டி அது. அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நீ படிச்ச பொண்ணு, சொல்லு. கண்ணு டாக்டர்கிட்ட போனோம். புள்ளி புள்ளியா படம் காட்டினாரு, இவரு எல்லாம் சரியாச் சொன்னாரு. உங்களுக்குக் கலர் நல்லாத் தெரியுது, வயசுக்கு ஏத்த மாதிரி படிக்கத்தான் கண்ணாடி வேணும்னாரு டாக்டர். இவரு நம்பல. சாயந்திரம் ஆனா லைட்டைப் போட விட மாட்டாரு. என் நூல்கண்டு டப்பாவ எடுத்து வெச்சுக்கிட்டு, இது நீலம், இது மஞ்சள்னு பொண்ணுகிட்ட ஒப்பிப்பாரு. ஒண்ணுகூடத் தப்பினதில்ல. அப்புறமும் மறுநாள் எடுத்து வெச்சுக்குவாரு."

நான் பெட்டியருகே மகளோடு குனிந்திருந்த அண்ணனைப் பார்த்தேன்.

"ஒரு பள்ளிக்கூடத்துல தோட்ட வேலைக்குக் கேட்டாங்க. நல்ல பள்ளிக்கூடம். அவங்களே தேடி வந்தாங்க. போன புதன்கிழமை வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டாரு. ஏன்னு கேட்டா, பசங்க இருக்கிற இடம், மருந்து டப்பாவ கையில வெச்சுக்கிட்டு நிக்க எனக்கு தைரியம் இல்லைங்கிறாரு. நான் போய்ப் பேசலாம்னு நேத்து போனேன். வேற ஆளை எடுத்துட்டாங்க." என் கையை விட்டார். "இங்க வந்து பார்த்தா மனசு தெளியும்னுதான் இழுத்துட்டு வந்தேன். என்ன ஆகுது பாரு, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு, திருடன் மாதிரி."

புதன்கிழமை. அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். பழத்தட்டு கழுவிக்கொண்டிருந்திருப்பேன். என் வேலை நிரந்தரமாவதற்கான கோப்பு அன்றுதான் மேடத்தின் மேஜைக்கு வந்தது. வீட்டில் அம்மா நாலு பேருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

இந்தத் தொண்ணூற்று நாலு நாளில் நான் அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்க்காத நாள் இல்லை. பேருந்தில் பார்த்திருக்கிறேன். பழம் நறுக்கும்போது பார்த்திருக்கிறேன். இப்போது அது தடங்கல் இல்லாமல் வரும். யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்த நாட்களும் உண்டு.

மேடம் வந்துகொண்டிருந்தார். நுழைவுச்சீட்டு அக்கா சொல்லியிருப்பார்.

"வாங்க வாங்க. சொல்லியிருந்தா நானே வாசலுக்கு வந்திருப்பேனே. இதுதான் பொண்ணா? என்ன படிக்கிறே?" பதிலுக்குக் காத்திராமல் அண்ணனிடம் திரும்பினார். "நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. தப்பு எல்லாருக்கும் நடக்கும். எங்களுக்கும் வேற வழியில்லாமப் போச்சு."

"புரியுது மேடம்."

"அன்னிக்கு இந்தப் பொண்ணு என்ன பாடுபட்டா தெரியுமா? ஒவ்வொண்ணா தூரிகையால எடுத்து, எண்ணி, எழுதி. ஒரு வார்த்தை பேசல. கண்ணுல தண்ணி மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. பூச்சி மேல அவ்வளவு பாசம். நாளைக்கு இவளோட ஆர்டர்ல கையெழுத்து ஆகுது."

அண்ணன் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "அப்படியா மௌனசாமி? சொல்லவே இல்ல பாரு." பிறகு தானே பதிலும் சொன்னார். "அது எங்க சொல்லப்போகுது." சட்டைப்பையைத் துழாவி, சிறுமிக்கு வாங்கியிருந்த மிட்டாயில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "வெச்சுக்கோ. இப்ப இதுதான் இருக்கு."

மிட்டாயை மூடிய கையோடு நான் அவர்களை வெளிவாசலுக்கு அழைத்துப் போனேன். மேடமும் கூடவே வந்தார்.

வெளியே போகும் வழியில் சின்ன அறை ஒன்று உண்டு. ஐந்தாறு பேர் நெருக்கி நிற்கலாம். உள்கதவு மூடிய பிறகுதான் வெளிக்கதவு திறக்கும். மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. உடம்பில் பூச்சி ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பதற்காக. பார்ப்பது என் வேலை. "கையைத் தூக்கித் திரும்பி நில்லுங்க" என்பதுதான் நான் ஒத்திகை இல்லாமல் சொல்லும் ஒரே வாக்கியம். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்வேன்.

சொன்னேன். சிறுமி இரண்டு சுற்றுச் சுற்றினாள். அண்ணி பையைத் திறந்து காட்டினார். அண்ணன் கைகளைத் தூக்கி, போலீஸ்காரர் முன் நிற்பதுபோல நின்றார். அந்த அறைக்கு அவர் எட்டு வருஷத்தில் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறார். அவரை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

அவர் சட்டைக் காலருக்குப் பின்னால் ஒன்று உட்கார்ந்திருந்தது. சிறிய மஞ்சள் பூச்சி.

"அப்பா, உன் மேல" என்றாள் சிறுமி.

அவர் அசையவில்லை. "எடுத்துடு, மௌனசாமி. நான் கை வைக்கல" என்றார்.

இரண்டு விரலால் சிறகைச் சேர்த்துப் பிடித்து எடுத்தேன். உள்கதவின் ஓரத்துத் திறப்பு வழியாக விட்டேன். பறந்து போனது. விரலில் தூள் ஒட்டியிருந்தது.

"என்ன கலர்?" என்று கேட்டார் அண்ணன். கைகள் இன்னும் மேலேயே இருந்தன. மூக்குக் கண்ணாடி இன்னும் பனித்தே இருந்தது.

"மஞ்சள்ப்பா" என்றாள் சிறுமி.

"நானும் மஞ்சள்னுதான் நினைச்சேன்" என்று கைகளை இறக்கினார்.

வெளிக்கதவின் பொத்தான் என் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. அதில் கை வைத்தேன். அதை அழுத்தினால் இவர்கள் போய்விடுவார்கள். பேருந்து பிடிப்பார்கள். சாயந்திரம் விளக்கைப் போடாமல் நூல்கண்டு டப்பாவை எடுத்து வைப்பார்கள். மூன்று சுவரிலும் நாங்கள் ஐந்து பேரும் நின்றிருந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம் இருந்தது. அதன் பக்கத்தில் என் முகமும் இருந்தது.

"என்னம்மா, கதவைத் திற" என்றார் மேடம்.

நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

"அண்ணா, நீங்க ரிப்பனை மாத்திக் கட்டல. சனிக்கிழமை காலைல அந்த நாலு தொட்டியை மாத்தி வெச்சு, மஞ்சள் ரிப்பனை அவுத்துக் கட்டினது நான்."